கிரகரி கங்காணியின் முட்டை அலர்ஜி

உடம்புக்கு முடியவில்லை என்று சொல்வதில் கிரகரி கங்காணியை மிஞ்ச அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் கிடையாது. ஐம்பத்தேழு வயதாகியும் உடம்பு கல்லுக்குண்டு. ஆனால் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வேலை தன் தலையில் விழுகிற காலையில் மட்டும் எப்படியோ நெஞ்சு பிடிக்கும், இடுப்பு சுளுக்கும், தலை கிறுகிறுக்கும். தோட்டத்துக் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரசர் ரெங்கசாமி காய்ச்சல் பார்க்கிற குழாயை உதறி எடுப்பதற்குள், மனிதர் கொதிக்கக் கொதிக்கத் தேநீரை வாயில் அடக்கி விழுங்கிவிட்டு வந்து நிற்பார். இரண்டு நாள் எம்.சி. கிடைக்கும். அந்த விடுப்புச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊரான ரிங்லெட்டின் ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் மனைவி லூர்தம்மாள் கொழுந்து எடுத்து முடித்து வீடு திரும்புவதற்குள் வந்து போர்வைக்குள் புகுந்துகொள்வார். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கஞ்சி வைப்பாள்.

இதைப் பாவம் என்று அவர் நினைத்ததே இல்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பாதருடைய நேரத்தை எதற்கு வீணாக்குவது?

அவருடைய சாதனைகளிலேயே பெரியது முட்டைதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஈப்போவில் பந்து விளையாட்டு பார்க்க அவசரமாகப் போகவேண்டியிருந்தது. காஞ்சொறி இலையைக் கையில் தேய்த்துக்கொண்டு, முட்டை சாப்பிட்டதால் தடித்துவிட்டது, மூச்சும் முட்டுகிறது என்று டிரசரிடம் ஒரு போடு போட்டார். ரெங்கசாமி பயந்துபோனார். மூன்று நாள் எழுதிக் கொடுத்ததோடு விடாமல், கிளினிக் அட்டையின் உச்சியில் முட்டை ஆகாது என்று சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துவிட்டார்.

இந்தப் புண்ணியவானுக்குத்தான் இப்போது ஆப்பிரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. மூத்த மகள் கரேனின் கணவன் மார்கஸ் கென்யாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்க்கிறான். அங்கே பிறந்த பேரனுக்கு ஞானஸ்நானம். கிரகரிதான் ஞானத்தகப்பன். குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு பீடத்தின் முன்னால் நிற்கவேண்டியவர் அவர். கேட்ட நாளிலிருந்து மனிதரின் கால் தரையில் படவில்லை. காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தினமும் அதே பேச்சு. புதுக் கோட்டு ஒன்றும் தைத்தாகிவிட்டது.

அந்த ஊருக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போடவேண்டும். போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அதற்கான அட்டை செல்லும். இளைய மகள் எலைன் இரண்டு தடவை ஈப்போவுக்குக் காரை எடுத்தாள். இரண்டு தடவையும் கங்காணிக்கு வயிற்றைக் கலக்கியது. ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். மூன்றாவது தடவை, பயணத்துக்குத் தானும் ஊசி போடவேண்டும் என்று லூர்தம்மாளும் காரில் ஏறிக்கொண்டதால் தப்பிக்க வழியில்லை. விமானத்துக்குப் பதினோரு நாள்தான் பாக்கி.

கிளினிக் அட்டை இல்லாமல் போனால் டிரசர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார் என்பது தோட்டத்துப் பழக்கம். ஈப்போ கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கிரகரி தடித்த கிளினிக் அட்டையைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, டாக்டர் புனிதாவின் மேசைமேல் பெருமையாக வைத்தார். அது மகள் வயதுப் பெண். பொறுமையாகப் புரட்டியது.

"அங்கிள், உங்களுக்கு முட்டை அலர்ஜியா?"

"அது பழைய கதைம்மா."

"மூச்சு முட்டுச்சுன்னு போட்டிருக்கே. இந்த மருந்தை முட்டையிலதான் வளர்க்கிறாங்க. அலர்ஜி இருந்தா போட முடியாது."

கிரகரிக்கு வியர்த்தது. ஊசி போடமாட்டார்கள் என்றால் கோட்டு பெட்டியோடு கிடக்கவேண்டியதுதான். பேரனை வேறு எவனாவது ஏந்துவான்.

"இல்லம்மா, சும்மா சொன்னது லா. எம்.சி.க்காக."

"இந்த நெஞ்சு வலி?"

"அதுவும்தான்."

"வலிப்பு?"

"அது ஒரே ஒரு தடவதான்மா."

டாக்டர் அட்டையை மூடிவைத்தது. "லீவுக்காக அப்ப பொய் சொன்னீங்களா, ஊசிக்காக இப்ப பொய் சொல்றீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும், அங்கிள்? ஆண்ட்டி, நீங்க சொல்லுங்க. வீட்டில முட்டை சாப்பிடுவாரா?"

கிரகரிக்கு உயிர் வந்தது. லூர்தம்மாளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தார். கட்டினவளுக்குத் தெரியாமலா போகும்? சொல்லு என்று கண்ணால் ஜாடை காட்டினார்.

"எங்க வீட்டில முட்டையே வாங்கறதில்ல டாக்டர்," என்றாள் லூர்தம்மாள். "இருபத்திரண்டு வருஷமாச்சு. பிள்ளைங்களுக்குக்கூட அவிச்சுக் குடுத்ததில்ல. பொறந்தநாள் கேக்கும் முட்டை இல்லாமத்தான். அந்தச் சட்டில இவருக்கு எதையாச்சும் சமைச்சு, மூச்சு நின்னு போயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு பயம்."

எலைன் அப்பாவைப் பார்த்தாள். அவர் கூரை விசிறியைப் பார்த்தார். அப்படியென்றால் அவள் அத்தனையையும் நம்பியிருக்கிறாள். ஒவ்வொரு காய்ச்சலையும்.

ஆனால் பேரனை விட முடியுமா? கங்காணி மென்று விழுங்கி, ரிங்லெட்டில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் குணாளனின் நம்பரைக் கொடுத்தார். டாக்டர் போனை எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தது.

"கிரகரி அண்ணனா?" என்றான் குணாளன். "பத்து வருஷமா நம்ம கடைதான். தெனம் காலையில முட்டை ரொட்டி ரெண்டு, அரைவேக்காட்டு முட்டை ரெண்டு. ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல. அண்ணிக்கு மட்டும் தெரிய வேணாம் லா. அண்ணி பாவம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியைப் போட்டது. அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததாக லூர்தம்மாள் போட்டுக்கொண்டாள், எலைனும் போட்டுக்கொண்டாள்.

கார் மலை ஏறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் லூர்தம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த வலிப்பு வந்த அன்னிக்குமா?"

கிரகரி கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"அன்னிக்கு நான் கூடையைப் பாதியில போட்டுட்டு செருப்பில்லாம கோயிலுக்கு ஓடினேன்," என்றாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது. பெட்டிகள் நிரம்பின. ஐந்தாம் நாள் மத்தியானம் கிரகரிக்கு உடம்பு கொதித்தது. முட்டிக்கு முட்டி வலி, பல் கிட்டிக்கொள்ளும் குளிர். ஊசி போட்டால் சிலருக்கு இப்படி வரும், இரண்டொரு நாளில் போய்விடும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் நெற்றியில் ஒரு கை.

"லூர்து," என்று போர்வைக்குள்ளிருந்து கூப்பிட்டார். "காய்ச்சல் அடிக்குது."

அவள் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாத்தான் லூர்து. இந்தத் தடவ நெசமாவே. தொட்டுப் பாரேன்."

இதில் நடிப்பு துளியும் இல்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

லூர்தம்மாள் மடித்த சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"மாத்திரை அலமாரில இருக்கு," என்றாள். "டாக்டர் பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. அது நம்பும்."