அந்த இரவு அவனிடம் இல்லை

தம்பியின் சட்டையில் இருந்த ரத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஊர் மாதனூருக்குப் பக்கம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். தம்பி இன்னொரு கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். இருவருக்கும் லீவு. அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா விடிந்ததும் கடலைக்கொல்லைக்குக் களை எடுக்கப் போய்விட்டாள். துவைக்கலாம் என்று தம்பி கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்தேன். மார்புப் பக்கம் முழுக்கக் காய்ந்த ரத்தம். வெளியே ஓடிப்போய் அவன் பைக்கைப் பார்த்தேன். முன்விளக்கு உடைந்திருந்தது. ஒரு பக்கக் கண்ணாடி இல்லை.

உள்ளே வந்து உலுக்கி எழுப்பினேன். முழங்கையில் சிராய்ப்பு, மூஞ்சி வீங்கியிருந்தது. குடித்துவிட்டுத் தூங்கினால் மூஞ்சி எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

"இன்னாடா இது ரத்தம்?"

சட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "யாரோடதுக்கா?" என்று கேட்டான்.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் படிக்கும்போது ஆரம்பித்த குடி. முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு கிழமை பார்க்காமல். மறுநாள் எழுந்தால் பாதி இரவு அவன் நினைவில் இருக்காது. அவன் தோஸ்துகள் அதற்கு 'கரண்ட் கட்' என்று பேர் வைத்திருந்தார்கள். "நேத்து உனக்குக் கரண்ட் கட்றா" என்று சொல்லி, அவன் ஆடியதையும் பாடியதையும் அவனுக்கே கதையாகச் சொல்வார்கள். அவனும் யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்பதுபோல விழுந்து விழுந்து சிரிப்பான். வீட்டில் எங்களுக்கும் அது பழகிவிட்டிருந்தது.

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"மாந்தோப்புல குடிச்சினு இருந்தோம். அது ஞாபகம் இருக்கு. அப்புறம் நீ எழுப்பினது. நடுவுல ஒண்ணுமே இல்லக்கா."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பால்காரம்மா வந்தார். பாத்திரத்தை நீட்டினேன். ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "விஷயம் தெரியுமா? ராத்திரி சர்வீஸ் ரோட்டுல, தோல் ஷெட்டுல வேலை செய்ற ஆள, சைக்கிள்ல போனவர, யாரோ இடிச்சுத் தள்ளிட்டு நிக்காம போய்ட்டானாம். வேலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. பொழைப்பாரோ இன்னாவோ."

அவர் போன பிறகும் பால் பாத்திரத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். திரும்பினால் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

அவனோடு குடித்த சிநேகிதனுக்குப் போன் போட்டேன். அவன் தூக்கக் கலக்கத்தில் பேசினான். "ஜாஸ்திதான்கா குடிச்சான். ஆனா நல்லாத்தான் பேசினு இருந்தான். நடையில கூட ஒண்ணும் தெரியல. வண்டிய நான் ஓட்றேன்னேன், சாவியக் குடுக்க மாட்டேன்னுட்டான்."

"எந்தப் பக்கம் போனான்?"

"சர்வீஸ் ரோட்டுலதான்."

போனை வைத்துவிட்டு அந்தச் சட்டையை வாளிக்குள் போடப் போனேன். என்ன நினைத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. தம்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தொவைக்காதக்கா. நான்தான் இடிச்சிருக்கேன்."

"ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இல்ல. ஆனா வேற யாரு?"

அம்மா வருவதற்குள் கிளம்பிவிட்டோம். வேலூர் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தோம். போலீஸ் ஸ்டேஷனுக்கு முதலில் போக வேண்டுமா, ஆஸ்பத்திரிக்கா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் தம்பி மெதுவாகப் பேச ஆரம்பித்தான்.

"கொஞ்சம் ஞாபகம் வருதுக்கா. சைக்கிள் ஹேண்டில்ல ஒரு ஒயர் பை தொங்கினு இருந்துச்சு. லைட் அடிச்சதும் அவரு திரும்பிப் பாத்தாரு. நான் பிரேக் போடல."

அதுவரை ஒரு ஓரத்தில், இவனாக இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒயர் பை வரைக்கும் சொல்கிறானே.

ஆஸ்பத்திரியில் கேட்டுக் கேட்டு எலும்பு முறிவு வார்டைக் கண்டுபிடித்தோம். கடைசிக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு காலில் தொடை வரை கட்டு. தலையிலும் கட்டு. கண் திறந்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி டம்ளரில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறார் என்று நான் மூச்சு விடுவதற்குள் தம்பி என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

"ஐயா, நான்தாங்க உங்கள இடிச்சது."

அந்த அம்மா டம்ளரை வைத்ததுகூடத் தெரியவில்லை. எழுந்து தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "பாவி, நிக்காம போனியேடா! ரோட்டுலயே செத்திருந்தா?" வார்டே திரும்பிப் பார்த்தது. தம்பி கைகளைத் தொங்கவிட்டு நின்றான். நான் நடுவில் புகுந்தேன்.

கட்டிலில் இருந்தவர் கையைத் தூக்கினார். "வுடும்மா. இவன் இல்ல."

"அவனே சொல்றானே!"

"நான்தான பாத்தேன். வெள்ளை வேன் அது. பின்னாடி கதவு கூடச் சரியா சாத்தல, ஆடினே போச்சு." பிறகு தம்பியைப் பார்த்தார். "உன் வண்டி இன்னா வண்டி?"

"பைக்குங்க. நீங்க சைக்கிள்ல... ஹேண்டில்ல ஒயர் பை..."

"சைக்கிளா? நான் நடந்து போயினு இருந்தேன்பா. கையில ஒண்ணும் இல்ல."

பால்காரம்மாவுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்ன சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பியின் தலை ஒயர் பையையும் திரும்பிப் பார்த்த முகத்தையும் தானாகவே சேர்த்துக்கொண்டிருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. பஸ்ஸில் அவன் கண்ணை நான் பார்த்தேன். அவன் அதைப் பார்த்தவனாகத்தான் பேசினான்.

"செய்யாதத ஏம்பா செஞ்சேன்ற?" என்று கேட்டார் அவர்.

"குடிச்சிருந்தேங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க."

அந்த அம்மா காலரை விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "இந்த வயசுலயேவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. தம்பிக்கு நிம்மதி வரவில்லை. "அப்போ அந்த ரத்தம்?" என்றான். திரும்பி வருகிற வழியெல்லாம் வேறொரு ஆள், வேறொரு ஆஸ்பத்திரி என்று அவன் மனசு அலைந்திருக்க வேண்டும்.

மாதனூரில் இறங்கி சர்வீஸ் ரோட்டிலேயே நடந்தோம். திருப்பத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் தம்பியைப் பார்த்ததும், "வாப்பா, மூக்கு எப்படிக்கிது?" என்றார்.

தம்பிக்கு அவர் யார் என்றே தெரியவில்லை.

அவர் என்னிடம் சொன்னார்: "ராத்திரி கடை சாத்தற நேரம்மா. வண்டிய இந்தக் கல்லுல ஏத்தி வுழுந்துட்டான். மூக்குல ரத்தம் கொட்டுது. நான்தான் மூஞ்சி கழுவி உக்கார வெச்சேன். டீ குடிச்சான். தெளிவாத்தான் பேசினான். பேசினு இருக்கும்போதே அழுதுட்டான்."

"எதுக்கு?"

அவர் தம்பியைப் பார்த்துத் தயங்கினார். "வேலையில எதுவும் தலையில நிக்க மாட்டேங்குதாம். சூப்பர்வைசர் நாலு சொன்னா ரெண்டுதான் நிக்குதாம். மூளை போய்டுச்சான்னு பயமா இருக்குன்னான். உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னான்."

தம்பி தான் சொன்னதை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"நெஜமாடா?" என்றேன்.

தலையை ஆட்டினான். சில மாதங்களாகவே அப்படித்தானாம். எந்த அளவு, தோல் வெட்ட எந்த அச்சு என்பதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். எங்களிடம் சொல்ல முடியாததை ஒரு டீக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறான், சொன்ன நினைவும் அவனிடம் இல்லை.

அந்த வாரமே குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கிற இடத்துக்குக் கூட்டிப்போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம்; இந்த முறை அவளும் வந்தாள். டாக்டரம்மா என்னை விடச் சின்னவர்போல இருந்தார். தம்பி அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த ராத்திரி திரும்ப ஞாபகம் வருமா?" என்பதுதான்.

"வராது. நீங்க மறக்கல. பேசினீங்க, வண்டி ஓட்டினீங்க, ஆனா மூளை அதப் பதிய வைக்கவே இல்ல. பதியாதது எப்படித் திரும்ப வரும்?"

அம்மா கேட்டாள்: "வேலையில மறக்குறானே, அது?"

"இந்த வயசுல மூளை இன்னும் வளந்துகிட்டுதான் இருக்கும்மா. அதுல இப்படி ஊத்தினா அடி படத்தான் செய்யும். நிறுத்தினா நிறைய சரியாகும். எவ்வளவுன்னு இப்போ என்னால சொல்ல முடியாது."



மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாட்களில் கை நடுக்கமும் தூக்கமின்மையும் அவனைப் படுத்தி எடுத்தன. பொங்கலுக்கு மறுபடி குடித்தான். அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அவனே தனியாகக் கிளம்பி டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு இதுவரை இல்லை. கட்டிங்கில் அவனை வைத்துக்கொள்ளவில்லை. அதே கம்பெனியில் லோடிங்கில் போட்டார்கள். சில மாதம் கழித்து அவனாகக் கேட்டுத் திரும்ப கட்டிங்குக்குப் போனான். இப்போது கையில் எழுதுவதில்லை. ஆனாலும் யாராவது வேகமாகப் பேசினால், "இன்னொரு தபா சொல்லுங்க" என்கிறான். கூச்சப்படாமல் கேட்கிறான்.

போன வாரம் என் நிச்சயதார்த்த வீடியோவை என் போனில் பார்த்தான். அது அவன் குடித்துக்கொண்டிருந்த காலம். வீடியோவில் எல்லாருக்கும் பாயசம் ஊற்றுகிறான், மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு நிற்கிறான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்:

"மாமா கிட்ட இன்னாக்கா சொல்றேன் இங்க?"

"எங்கக்காவ நல்லா பாத்துக்கணும்னு சொன்ன."

"அவரு இன்னா சொன்னாரு?"

சொன்னேன். மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.