கரையில் நின்ற உமரி

வெளிநாட்டவர் ஒருவர் நம் மண்ணில் முளைத்த செடியை ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பத்துக்கு அரசு உரிய காலத்தில் பதில் தர வேண்டும். இந்த விதியின் முதல் பாதியை நாடே மதிக்கிறது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஜெர்மானியர் இன்னும் கூடுதலாக மதித்தார். ராணுவ அதிகாரியாக இருந்து, ஐம்பது வயதில் கல்லூரிக்குப் போய்த் தாவரவியல் படித்தவர். தருவைகுளம் போகும் வழியில் ஓர் உப்பளக் கரையில், தாம் எங்கும் காணாத உமரிச் செடி ஒன்று பூத்திருப்பதைப் பார்த்தார். புது இனமாக இருக்கலாம், உறுதிசெய்ய ஒரு கிளை போதும் என்றார். ஆனால் பறிக்கவில்லை. உத்தரவு வரட்டுமாம்.

துறைமுகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளிய நான் விண்ணப்பம் எழுதினேன். அறிவியல் பெயர் கேட்ட இடத்தில் 'இனிமேல்தான்' என்று குறித்தேன். பெயரோடு மறுபடி அனுப்பச் சொல்லித் திரும்பி வந்தது. பெயர் தெரியக் கிளை வேண்டும்; கிளை எடுக்கப் பெயர் வேண்டும். 'உமரி வகை' என்று எழுதி மூன்று பிரதி அனுப்பினேன்.

பொங்கல் கழிந்து, கரையில் மண்டிய செடிகொடிகளைச் செதுக்க உப்பளத்துப் பெண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஜெர்மானியர் செடிக்கு முன்னால் விறைப்பாக நின்றார்.

"இவரு ஏன் அண்ணாச்சி இங்கன மறிச்சிக்கிட்டு நிக்காரு?" என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

"ஒரு கொப்பு பறிக்க கவர்மெண்டு உத்தரவுக்குக் காத்திருக்காரு."

"நாங்க கொத்திப் போடுதோமே?"

"அதுக்கு உத்தரவு வேண்டாம்."

"அப்ப நான் வெட்டிப் போடுதேன். அவரு பொறுக்கிக்கிடட்டும்."

மொழிபெயர்த்தேன். வெட்டிக் கிடந்தாலும் அது செடிதான் என்று மறுத்துவிட்டார். அந்த விளக்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அவள் இரக்கப்பட்டு, செடியைச் சுற்றி ஒரு சாண் விட்டுச் செதுக்கினாள். நாங்கள் வீடு திரும்பிய பிறகு கங்காணி ஏசியிருக்கிறார். "அது கவர்மெண்டு செடி, தொட்டா கேசாயிரும்" என்றிருக்கிறாள். கங்காணி பயந்துபோனார். செடி கவர்மெண்டுடையது என்றால் நாளைக்கு உப்பளத்தையும் கேட்பார்களே! அன்றைக்கே வேரோடு பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் குழிதான் இருந்தது. ஜெர்மானியர் அதன் ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டார். விசா முடிந்து பிப்ரவரியில் ஊருக்குப் போனார்.

ஒரு கிளை மட்டும் எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி வந்தது, நிலுவைக் கோப்புகளை எல்லாம் தீர்த்துக்கட்டும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி.