என் ஆறு மணியும் அவளுடைய ஒன்பதரையும்

போன நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேசையில் பத்தாம் தரக் கணிதத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஜப்பானில் கரப்பந்தாட்டம் விளையாடும் என் மகள் ரெபேக்கா அழைத்தாள். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே தொடங்குகிறவள், அன்று ஒரு வசனம்தான் சொன்னாள்.

"அம்மா, எனக்குப் பாய ஏலாம இருக்கு."

வலைக்கு மேலே பாய்ந்து பந்தை அடிப்பதுதான் அவளுடைய வேலை. அதற்குத்தான் அவளை அந்தக் கழகம் அவ்வளவு தூரம் அழைத்தது. காலில் நோவா என்று கேட்டேன். இல்லை. முழங்காலா? இல்லை. "தெரியாதம்மா. உடம்பு எழும்புதில்ல" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதன் பிறகு திருத்திய தாள்களில் யாருக்கு என்ன போட்டேன் என்று தெரியாமல், மறுநாள் எல்லாவற்றையும் திரும்பத் திருத்தினேன்.

நம் ஜெபக்கூட்டத்தில் எழும்பி நின்று இதைச் சொல்ல எனக்கு மூன்று வெள்ளிக்கிழமைகள் சந்தர்ப்பம் கிடைத்தது. மூன்று தடவையும் எழும்பவில்லை. ஆண்டவர் செய்ததை மறைக்க மனமில்லை. நான் செய்ததைச் சொல்ல வெட்கம். ஆகவே எழுதுகிறேன்.

ரெபேக்கா ஆறடி உயரம். பதினான்கு வயதிலேயே பள்ளிக்கூடத்தில் அவளை 'லைட் போஸ்ட்' என்று கூப்பிட்டார்கள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர், எதையும் பகிடியாக்கிவிடுவார். "எங்கட வீட்டில பல்ப் மாத்த ஏணி தேவையில்ல" என்பார். அந்த உயரத்தாலும் அவளுடைய உழைப்பாலும் கடந்த ஆகஸ்ட்டில் ஜப்பானில் ஒரு கழகம் ஒரு பருவத்துக்கு அவளை ஒப்பந்தம் செய்தது. பனி விழும் ஒரு சிறு நகரம். ஒரு தொழிற்சாலையின் அணி அது. மற்றப் பெண்கள் காலையில் அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்துவிட்டுப் பிற்பகலில் பயிற்சிக்கு வருவார்கள். எல்லோரும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மண்டபத்தில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இவள் ஒருத்திதான் வெளிநாட்டுக்காரி. சரியாக விளையாடாவிட்டால் பருவம் முடிய அனுப்பிவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

முதல் மாதமே அவள் குழம்பிப்போனாள். "இங்க பந்து விழுறதே இல்லம்மா" என்றாள். கொழும்பில் அவள் ஓங்கி ஒரு அடி அடித்தால் புள்ளி கிடைத்துவிடும். அங்கே அவளுடைய தோளளவுகூட இல்லாத பெண்கள் தரையில் விழுந்து புரண்டு அந்தப் பந்தை எடுத்துவிடுகிறார்கள். திரும்பவும் அடிக்க வேண்டும். திரும்பவும் எடுப்பார்கள். ஒரு புள்ளிக்குள் ஐந்து தடவை பாய வேண்டும். மண்டபத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் தரைக்குக் குனிந்து வணக்கம். பிழை விட்டால் ஒருவரும் ஏச மாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து "பரவாயில்லை" என்று சத்தமாகச் சொல்வார்கள். "ஏசினா நல்லம் போல இருக்கும்மா. என்ன நினைக்கிறாங்க எண்டே தெரியேல்ல" என்றாள்.

நான் என்ன செய்ய முடியும்? எனக்கு அந்த விளையாட்டும் தெரியாது, அந்த நாடும் தெரியாது. தெரிந்தது ஜெபம் ஒன்றுதான். வெள்ளவத்தையில் எஸ்தர் அக்காவின் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் நம் ஜெபக்கூட்டத்தில் முழங்காலில் நின்று ஒரு பொருத்தனை செய்தேன். என் மகள் முதல் ஆறு பேரில் ஒருத்தியாகக் களத்தில் நிற்கும் வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் மாலை ஆறு மணி வரை உபவாசம். தண்ணீர் மட்டும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாயும் மகளும் ஒருமனப்பட்டுக் கேட்டால் பலம் அதிகம் என்று நினைத்தேன். அவளையும் சேர்த்துக்கொண்டேன். "நான் ஆறு மணிக்கு முடிக்கிறன். நீயும் அதே நேரம் முடி மகள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில வாயில வைப்பம்" என்றேன். அவள் மறுக்கவில்லை. உபவாசம் இருப்பதை மனிதருக்குக் காட்டக் கூடாது என்ற போதனையையும் ஞாபகப்படுத்தினேன். "ஒருத்தருக்கும் சொல்லாத. முகத்தைக் கழுவிக்கொண்டு சந்தோஷமா இரு."

நான் கணித ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். ஜப்பான் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தியது என்பது எனக்குத் தெரியும். அவளை அழைக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அழைப்பேன். ஆனால் என் ஆறு மணி அவளுக்கு ஒன்பதரை என்பதை இந்த விஷயத்தில் மட்டும் நான் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

அவளுடைய விடுதியில் ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு. எட்டு மணிக்குச் சமையலறை பூட்டிவிடும். நாள் முழுவதும் பாய்ந்து அடித்துவிட்டு, சாப்பிடாமல் அறைக்குப் போய், ஒன்பதரை வரை காத்திருந்து இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறாள் என் பிள்ளை. இது ஒன்றும் எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

அவளை முதல் ஆறில் போடவில்லை என்றதும் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்தேன். அவள் இன்னும் சோர்ந்தாள். புதன்கிழமையையும் சேர்த்தேன். அவள் விளையாட்டு மோசமாக மோசமாக நான் நாட்களைக் கூட்டினேன். பிறகுதான் பாய ஏலாது என்ற அந்த அழைப்பு வந்தது. பயிற்சியிலிருந்தும் அவளை நிறுத்தி, ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று இரண்டு பேரும் முடிவெடுத்துக்கொண்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் எஸ்தர் அக்கா வீட்டில் அழுதேன். வருகிற திங்கள் தொடங்கி ஏழு நாளும் ஆறு மணி வரை உபவாசம் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். மகளுக்கும் செய்தி அனுப்பினேன். "சரி அம்மா" என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் பத்திரிகையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை சாப்பிடுறாளா எண்டு கேட்டீரா?"

"ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன்.

"ஓம், அவருக்குத் தெரியும். உமக்குத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. விசுவாசம் இல்லாத பேச்சு என்று நினைத்தேன். இரண்டு நாள் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை.

உபவாசத்தின் மூன்றாம் நாள், புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆசிரியர் அறையில் தனியாக இருந்தேன். தலை சுற்றியது. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. முதல் ஆறு என்று கேட்கவும் வாய் வரவில்லை. கடைசியாக ஒன்றுதான் கேட்டேன். "ஆண்டவரே, என்ட பிள்ளைக்குப் பக்கத்தில ஒரு ஆளை வையும். அவள் தனிய இருக்கிறாள்." அவ்வளவுதான். வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. ஜப்பான் இலக்கம், ஆனால் மகளுடையது அல்ல. ஒரு பெண் சிங்களத்தில் கதைத்தாள். பெயர் நிலூக்கா என்றாள். குருநாகல் பக்கம் ஊர். ஜப்பானியரைத் திருமணம் செய்து அந்த நகரத்திலேயே இருக்கிறாள். கழகம் மொழிபெயர்ப்புக்காக அன்றைக்குத்தான் முதன்முறையாக அவளை அழைத்திருந்தது. நாங்கள் சிங்களத்தில் கதைத்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கே, பயப்படாதீங்க. மகள் நல்லா இருக்கா. பயிற்சியாளர் உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்கச் சொன்னார். நாங்க என்ன பிழை செஞ்சோம்?"

எனக்கு விளங்கவில்லை. "ஆர்? என்ன பிழை?" என்றேன்.

ஒவ்வொரு நாளும் காலையில் அணியில் எல்லோருடைய எடையும் பார்த்து எழுதுவார்களாம். மகள் ஆறு கிலோ குறைந்துவிட்டாள். கேட்டால் வயிறு சரியில்லை என்கிறாள். வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை. அங்குள்ள சாப்பாடு பிடிக்கவில்லையாக்கும் என்று சமையல்கார அம்மா எங்கெங்கோ தேடி மசாலா வாங்கி, இவளுக்காகவே கோழிக்கறி சமைத்திருக்கிறா. வெள்ளிக்கிழமை பார்த்து. எல்லோரும் இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் தொடவில்லை. அந்த அம்மா சமையலறைக்குள் போய் அழுதாவாம்.

"இன்னொண்டு அக்கே. பந்தை உயர்த்திப் போட்டுக் குடுக்கிற பிள்ளை ஒண்டு இருக்கு, அயாக்கோ எண்டு. அடிக்கிறவ சோர்ந்தா அது பந்து போட்டுக் குடுக்கிற ஆளின்ட பிழை எண்டுதான் இங்க நினைப்பாங்க. தன்ட பிழையாலதான் உங்கட மகள் சாப்பிடுறதில்ல எண்டு அந்தப் பிள்ளைக்கு நினைப்பு. திங்கக்கிழமையிலிருந்து ராச் சாப்பாட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில இருக்கு. மகள் தொடாததால அதுவும் தொடுறதில்ல. எட்டு மணிக்கு ரெண்டு பேரும் தட்டைத் திருப்பிக் குடுத்திட்டுப் போறாங்க. ரெண்டு நாளா இதுதான். இண்டைக்கும் ரெண்டு பேரும் தொடேல்ல."

நான் படியில் இருந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு ஆளை வையும் என்று நான் கேட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆள் திங்கட்கிழமையிலிருந்தே அங்கே இருந்திருக்கிறாள். அவளும் பட்டினி. என்னால் பட்டினி.

நிலூக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொருத்தனையை, ஆறு மணியை, ஒருவருக்கும் சொல்லாதே என்று நான் சொன்னதை. இடையில் முறித்தால் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்தையும் சொன்னேன். அவள் பௌத்தப் பெண்.

"எங்கட ஊரிலயும் நேர்த்தி வைப்பாங்க, அக்கே. வச்ச ஆள்தான் கட்டணும். விளையாடுற பிள்ளையைக் கொண்டு கட்டுவிக்கிறது நான் கேள்விப்பட்டதில்ல."

அவள் சொல்வது சரி என்றுதான் பட்டது.

அப்போது இங்கே மூன்றரை. அங்கே ஏழு. நிலூக்கா சாப்பாட்டு மண்டபத்தில் இருந்துதான் கதைத்தாள். வீடியோவைப் போடச் சொன்னேன். திரையில் மகள் முகம் வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பெண், முதுகை நிமிர்த்திக்கொண்டு. இரண்டு பேருக்கும் முன்னால் சோறும் மீனும் ஆறிக்கொண்டிருந்தன.

"சாப்பிடு மகள்" என்றேன்.

"இன்னும் ஆறாகேல்லையே அம்மா. உங்கட ஆறு."

"என்ட ஆறை விடு. நான் பிழை விட்டிட்டன். சாப்பிடு."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்களும் சாப்பிடுங்க. ஒருமனப்படுறதெண்டா ரெண்டு பேரும்தானே."

வீட்டில் சமைத்திருக்கவில்லை. அரைநாள் லீவில் இருந்த இவர் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இறங்கிப்போய், சந்திக் கடையில் இரண்டு மாலு பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தார். மீன் வைத்த பணிஸ். ஒன்றை என் கையில் தந்துவிட்டுத் தொலைபேசிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெபேக்கா, கெதியா சாப்பிட்டு வளர். பல்ப் ஒண்டு எரியேல்ல இங்க."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தாள். நானும் வைத்தேன். அயாக்கோ இரண்டு கைகளையும் கூப்பித் தலை குனிந்துவிட்டு, ஒரு மனுஷன் வேலைத்தளத்தில் சாப்பிடுவதுபோலப் பெரிய பெரிய கவளமாகச் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தித் திரையைப் பார்த்து ஏதோ சொன்னாள். நிலூக்கா சொன்னாள்: "இனிமேல் பந்தை இன்னும் கொஞ்சம் உயரமாப் போட்டுக் குடுக்கிறனாம். தன்னை மன்னிக்கச் சொல்லுது."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எஸ்தர் அக்காவிடம் தனியாகச் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் கேட்கத் தோன்றேல்லையே, பிள்ளை சாப்பிடுதா எண்டு" என்றா.

பிறகு நடந்ததை இருந்தபடியே எழுதுகிறேன். அதிசயம் போல ஒன்றும் நடக்கவில்லை. எடை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. டிசம்பரில் நத்தார் முடிந்த பிறகுதான் பழையபடி பாய்ந்தாள். அந்தப் பருவம் முழுவதிலும் நான்கு போட்டிகளில்தான் முதல் ஆறில் நின்றாள். மற்றதெல்லாம் இடையில் மாற்றாகத்தான். ஆனாலும் ஏப்ரலில், இன்னொரு பருவத்துக்கு அவளை வைத்துக்கொள்வதாகக் கழகம் சொன்னது. ஏன் என்று கேட்டாளாம். இப்போது எல்லோரோடும் இருந்து சாப்பிடுகிறாய் என்று பயிற்சியாளர் சொன்னாராம். அது பகிடியா உண்மையா என்று அவளுக்கும் தெரியவில்லை.

என் ஜெபத்துக்குப் பதில் எங்கே வந்தது? படியில் அடித்த தொலைபேசியிலா? நான் கேட்பதற்கு இரண்டு நாள் முந்தியே வந்து இருந்த அந்தப் பெண்ணிலா? பதில் கேட்டுக்கொண்டே பதிலை வழிமறித்து நின்றது நான்தானா? எனக்குச் சரியாக விளங்கவில்லை. நான் பிழையாகக் கேட்டபோதும் அவர் என்னைக் கைவிடவில்லை, என் பிள்ளையையும் கைவிடவில்லை. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

வெள்ளிக்கிழமை உபவாசத்தை நான் விடவில்லை. நான் மட்டும்தான். அதையும் மூன்றரை மணிக்கு, அங்கே சாப்பாட்டுக்கு அவள் இருக்கும்போது முடிக்கிறேன். தூரத்தில் பிள்ளைகள் இருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, அவரை நம்பிக் கேளுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். இரண்டையும் கேளுங்கள்.

உங்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. அந்த ஊரில் எங்கேயோ அயாக்கோவின் அம்மா இருக்கிறா. பெயர் எனக்குத் தெரியாது. தன் மகள் இரண்டு இரவு என் மகளுக்காகப் பசியோடு படுத்தாள் என்பது அவவுக்குத் தெரிந்திருக்காது. வருகிற வெள்ளிக்கிழமை நாம் கூடும்போது, முதலில் அந்தத் தாய்க்காக ஜெபிப்போம். அன்றைக்கு நான் எழும்பி நிற்கிறேன்.