வாசல்படியில் நின்ற வரி

இது நடந்த கதை. இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வேனின் நாலு டயரும் இந்த இடத்திலேயே வெடிக்கட்டும். பின்பக்க இடது டயரை மட்டும் சத்தியத்தில் சேர்க்காதீர்கள். அது நான் உண்மையே பேசினாலும் வெடிக்கிற நிலையில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டயருக்கு அடிக்கிற மாதிரி கதைக்கும் கொஞ்சம் காற்று அடிப்பேன். அடிக்காவிட்டால் ஓடாது. காற்று என்னுடையது, டயர் நிஜம்.

நான் ஓட்டுவது ஆபீஸ் வேன். சாயங்காலம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பாலத்தடிக்கு வந்தால் வண்டி நின்றுவிடும். நின்றால் நின்றதுதான். அங்கே காத்திருக்கிற நேரத்தில் ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் போய், மீசை முளைத்து, லைசென்ஸ் எடுத்து, என்னிடமிருந்து ஸ்டீயரிங்கையே வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கும் அப்படித்தான் நின்றோம். எனக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலோரச் சீட்டு காலி.

"என்னண்ணே, நூல்பிடியைக் காணோம்?" என்றார் கணக்கு மேடம். ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவர். யார் வரவில்லை என்பதும் அவர் கணக்கில் இருக்கும்.

"லீவு."

"உடம்புக்கு என்னவாம்?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு. உள்ளதான் எதுவோ உறுத்துது."

இதைச் சொல்லிவிட்டு மேலே சொல்லாமல் இருந்தால் விடுவார்களா? கிடங்கைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கடைசி சீட்டிலிருந்து முன்னால் வந்துவிட்டார். சுருட்டை முடிப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். சொல்ல ஆரம்பித்தேன்.

நூல்பிடி என்பது நாங்கள் வைத்த பேர். எதுவும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும் அவருக்கு. வேனில் ஏறியதும் கால்மிதியை நேராக்குவார், ஜன்னல் திரையை நேராக்குவார். தூங்கி விழுகிற கிடங்கு அண்ணன் தலையையும் ஒருநாள் நேராக்கினார். என் வண்டியின் தாலாட்டில் அண்ணன் தூங்குகிறார் என்றுதான் நான் சொல்வேன், உண்மையில் அவர் குறட்டைதான் வண்டியை ஓட்டுகிறது.

"கதைய சொல்லுங்க, என் குறட்டை எதுக்கு?" என்றார் அண்ணன்.

நூல்பிடியின் வேலை என்ன என்று எனக்குப் புரிய ஒரு யுகம் ஆனது. இணையத்தில் பக்கம் செய்கிறவர். எந்த வரி ஓரத்தில் நிற்க வேண்டும், எந்த வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்று பார்ப்பதிலேயே பாதி நாள் போகும். "தள்ளுறதெல்லாம் ஒரு வேலையா? நான் இந்த வேனையே தள்ளியிருக்கேன்" என்று நான் சிரித்தேன்.

"அப்படி இல்லண்ணே. ஒரே பக்கத்தை ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி காட்டும். ஒண்ணு நாலு விரக்கடை தள்ளும், ஒண்ணு ரெண்டே விரக்கடை. சில பழைய பிரவுசருக்கு நாம சொல்றது புரியவே புரியாது."

"புரியலன்னா என்ன பண்ணும்? கத்துமா?"

"கத்துனாத்தான் பரவால்லையே. காதுல விழாத மாதிரி அடுத்த வேலையப் பாக்கப் போயிரும்."

"எங்க மாமனார்!" என்றேன்.

அதனால் அவர் மேசையில் புதுசு, பழசு, அரதப் பழசு என்று போன்களாகவே கிடக்கும். சாப்பாட்டு டப்பாவை வேனில் விட்டுவிட்டார் என்று ஒருநாள் கொண்டுபோய்க் கொடுத்தபோது பார்த்தேன். ஒரே பக்கத்தை அத்தனையிலும் திறந்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார் மாதிரி ஒவ்வொன்றாக முறைத்துக்கொண்டிருந்தார். ஊரான் பக்கத்தில் ஒரு வரி மயிரிழை நகர்ந்திருந்தாலும் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய அப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது. கூடம் பிடித்து எல்லாரையும் கூப்பிடுகிறார்கள். அதற்காக வீட்டுக்கென்று ஒரு பக்கம் செய்தார். மேலே அப்பா, அம்மா. கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்கள் பிள்ளைகள். இன்னும் உள்ளே தள்ளிப் பேரப்பிள்ளைகள். எவ்வளவு உள்ளே நிற்கிறோம் என்பதுதான் அங்கே ரத்த சொந்தம். கடைசியில் தனித் தலைப்பு போட்டு 'நம் வீட்டுக்கு வேண்டியவர்கள்': டாக்டர், மாடி வீட்டுக்காரர், சைக்கிள் கடைக்காரர்.

எல்லாம் முடித்து, பெருமையாக மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா மேலிருந்து கீழே பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டது.

"அத்தை வீட்டு அக்கா எங்கங்க?"

அத்தை வீட்டு அக்கா வேறு யாரும் இல்லை. இவருடைய சொந்த அக்கா, வீட்டில் மூத்தவர். அத்தைக்குப் பிள்ளை இல்லை என்று, பால்குடி மறந்த வயதிலேயே அங்கே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பேரே அப்படி ஆகிவிட்டது. வாரம் தவறாமல் வருவார். நூல்பிடிக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். "பிடிச்சிருக்கேன்டா, ஓட்டு, ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே எப்போதோ கையை விட்டுவிட்டவர். அந்த அக்காவைத்தான் தம்பி மறந்துவிட்டார்.

"ஐயோ" என்றாள் சுருட்டை.

ஐயோ இனிமேல்தான் இருக்கிறது. மற்றவர்களை எல்லாம் பட்டியலுக்குள் பட்டியலாகப் பின்னியிருந்தார். அது எல்லாப் பிரவுசருக்கும் தெரிந்த பழைய பாஷையாம், எங்கே திறந்தாலும் பிள்ளை அப்பனுக்குக் கீழேதான் நிற்கும். அக்காவை முதல் ஆளாகச் சேர்க்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் பிரித்து, படங்களை எல்லாம் வரிசை மாற்ற வேண்டும். மனிதருக்கு அவசரம். வீட்டார் எல்லாருக்கும் கீழே, பட்டியலுக்கு வெளியே, அக்கா பேரைத் தனி வரியாக எழுதினார். பிரவுசருக்குச் சொல்கிற, புதுசாக வந்த ஒரு உத்தரவைப் போட்டு அந்த வரியை உள்ளே தள்ளினார். அவர் திரையில் அது தம்பி தங்கை பேர்களின் அதே கோட்டில் நின்றது, நூல் பிடித்த மாதிரி. வேறு எதிலும் திறந்து பார்க்கவில்லை. ஊருக்கு ஆயிரம் கண், வீட்டுக்கு ஒற்றைக் கண். அனுப்பிவிட்டார்.

அக்காவிடம் இருப்பது பழைய போன். அதை வைத்துத் தேங்காய் உடைக்கலாம். அதில் இருக்கிற பிரவுசருக்கு அந்தப் புது உத்தரவு புரியவில்லை. காதில் விழாத மாதிரி போய்விட்டது. தம்பிகளும் தங்கையும் அப்பாவுக்குக் கீழே அழகாக உள்ளே நிற்கிறார்கள். அக்கா பேர் மட்டும் ஓரத்துக்கு வந்து, வேண்டியவர்களுக்கு ஒரு வரி மேலே நிற்கிறது. வீட்டுக்குள்ளும் இல்லை, விருந்தாளியும் இல்லை. வாசல்படி.

அக்கா போன் பண்ணினார்.

"பக்கம் ரொம்ப நல்லா இருக்குடா தம்பி. கூடத்துல நான் எங்க உக்காரணும்? டாக்டர் பக்கத்துலயா?"

"என்னக்கா உளர்ற? எங்க பக்கத்துலதான்."

"அப்படித் தெரியலையேடா."

"கண்ணாடிய மாத்துக்கா" என்று சிரித்திருக்கிறார் பாவி. அக்கா, பேத்தியின் போனால் தன் போனைப் படம் எடுத்து அனுப்பினார். பார்த்ததும் இவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டின நாக்கைப் பிய்த்து எடுத்து என்ன சொன்னார் தெரியுமா?

"உன் போன் பழசுக்கா. அதான் தப்பாக் காட்டுது."

"பொய் இல்லையே?" என்றார் கிடங்கு அண்ணன்.

அதுதானே கொடுமை! பொய்யே இல்லை. பொய்யாக இருந்திருந்தால் மனிதர் நன்றாகத் தூங்கியிருப்பார். அதைக் கேட்டு அக்கா ஓவென்று சிரித்து, "போனுதானா! நான் ஒரு கிறுக்கிடா. என்னென்னமோ நெனச்சு மனசுக்குள்ளயே உன்னத் திட்டிட்டேன். மன்னிச்சிரு ராசா" என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர் எல்லாரிடமும், தம்பியைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார்.

இவர் அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்து, அக்காவைப் பட்டியலுக்குள் முதல் ஆளாக வைத்துவிட்டார். பக்கம் நேராகிவிட்டது. ஆள்தான் கோணிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவருக்கு இன்ஜின் மாதிரி உதறியது. கால்மிதி கோணலாகக் கிடந்தது, தொடவில்லை. திரை கிழிந்து தொங்கியது, பார்க்கவில்லை. ஒருநாள் எல்லாரும் இறங்கியபிறகு நானே கேட்டேன். கொட்டிவிட்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்.

"இப்ப எங்ககிட்ட சொல்றீங்க?" என்றார் கணக்கு மேடம்.

"வேனுக்குள்ளதானே சொன்னாரு. வேனை விட்டு வெளிய போகல."

பிறந்தநாள் நேற்று. என் வேனைத்தான் பேசியிருந்தார். நானும் அவரும் அக்காவைக் கூட்டிவரப் போனோம். அக்கா மடியில் மூடி போட்ட பெரிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு, பொண்ணழைப்புக்குப் போகிற மாதிரி ஏறினார். கொஞ்ச தூரம் பேச்சும் சிரிப்புமாக வந்தது. அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏன்டா, பழைய போனு வரிய ஓரத்துக்குத் தள்ளும்னு சொன்ன. சரி. மூத்தவ நான், எல்லாருக்கும் கடைசியில இருந்தேனே. அதுவும் போனு பண்ணதாடா?"

கண்ணாடியில் பார்த்தேன். நூல்பிடி முகம் பிழிந்த துணி.

"இல்லக்கா. நான் மறந்துட்டேன்க்கா. எல்லாம் முடிச்சப்புறம்தான் உன்னச் சேத்தேன்."

எனக்கே கிளட்ச் எது பிரேக் எது என்று மறந்துவிட்டது. அக்கா பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி மூடினார்.

"அப்புறமா ஞாபகம் வந்துச்சே, அது உனக்கா வந்துச்சா? இல்ல, யாராச்சும் சொன்னாங்களா?"

"எனக்கேதான்க்கா வந்துச்சு" என்றார் இவர். யோசிக்கக்கூட இல்லை.

"அது போதும்டா" என்றார் அக்கா. மூடியை வைத்த கையால் இவர் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு எனக்கே வலித்தது.

கூடத்தில் அக்கா அப்பாவுக்குப் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். போவோர் வருவோரிடம், "என் தம்பிக்குத் தானா ஞாபகம் வந்துச்சு" என்று பெருமை வேறு. இவர் மனைவி தட்டு எடுத்துக்கொண்டு குறுக்கே போகும்போதெல்லாம் அது காதில் விழுந்தது. அந்த அம்மா கேட்டும் கேளாதது போல அடுத்த இலைக்குப் பரிமாறப் போய்விடும். நூல்பிடி உள்ளேயே வரவில்லை. செருப்புகளை நேராக்குகிற சாக்கில் வாசலிலேயே நின்றார்.

"இப்ப எங்க இருக்காரு?" என்றாள் சுருட்டை.

அதைத்தான் சொல்ல வந்தேன். வேன் கிளம்புகிற நேரத்துக்குப் போன் வந்தது. "அண்ணே, அக்கா வீட்டு வாசல்ல நிக்கிறேன். மிச்சத்தையும் சொல்லிறவா, அப்படியே திரும்பிறவா? வீட்டுக்கு வெளிய உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறார். வண்டி ஓட்டும்போது போன் பேசக்கூடாது, பாலத்தடியில் நின்றதும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது நின்றிருக்கிறோம். என்ன சொல்ல?

"திரும்பி வரச் சொல்லுங்க" என்றார் கணக்கு மேடம் பட்டென்று. "அந்தம்மாவுக்கு மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமா?"

"பொய்ய வச்சுக்கிட்டு அந்தம்மா என்ன பண்ணும்? சொல்லித் தொலைக்கட்டும்!" என்றார் கிடங்கு அண்ணன்.

"சைக்கிள பிடிச்சிருக்கேன்னு அந்தம்மா சொன்னது பொய் இல்லையா? அந்தப் பொய்லதான இவரு ஓட்டக் கத்துக்கிட்டாரு?"

"அது விழாம இருக்கச் சொன்ன பொய். இது, தான் மாட்டாம இருக்கச் சொன்ன பொய்!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் சுருட்டை. "ஞாபகப்படுத்துனது அவரு பொண்டாட்டி. பேரு இவருக்கு. அவங்கள வெளிய தள்ளிட்டாரே, அது யார் கண்ணுக்கும் தெரியலையா?"

"அவங்க வேற வீட்டுலேர்ந்து வந்தவங்கம்மா, விட்டுக்கொடுப்பாங்க" என்றார் மேடம்.

"என்னது? வேற வீடா? அண்ணே, இறக்கிவிடுங்க என்னை!"

"உனக்குக் கூடப்பொறந்தவங்க இல்ல, உனக்கு என்ன தெரியும்?" என்றார் மேடம்.

"உங்களுக்கு இருக்காரே, உங்க பொறந்தநாள் தெரியுமா அவருக்கு?"

"என் தம்பியப் பத்திப் பேசின..." என்று மேடம் எழுந்துவிட்டார். எழுந்தவர் பை கிடங்கு அண்ணன் மூக்கில் பட்டது. அண்ணன் கத்த, சுருட்டை கத்த, பின்னால் நிற்கிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்க, முன்னால் சாலை அகலமாகத் திறந்து கிடக்க, என் சட்டைப்பையில் போன் உதறிக்கொண்டே இருக்கிறது.