ஆசீர்வாதத்துக்கு முன் எழுந்துபோகிறவள்

மருத்துவமனையில் என் பெரியம்மாவுக்குக் கத்திரியம்மா என்று பெயர். கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துச் சரிசெய்யும் அறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். கையிலிருக்கும் கத்திரிக்காக யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை. வாய்க்காக வைத்தது.

சலவைப் பிரிவுக்காரர் ஒருமுறை, "ஒட்டு எப்படி இருந்தா யாருக்குத் தெரியப்போவுது? மேலாக்க ஒரு இழுப்பு இழுத்துட்டுக் குடுங்கம்மா" என்றார்.

"மூணு மாசமா படுத்தே கிடக்கிறவன் முதுகுக்குத் தெரியும். நீங்க ஒரு வாரம் அதுல படுத்துட்டு வந்து சொல்லுங்க."

ஒட்டுத் துணியை எப்போதும் அடிப்பக்கமாக வைத்து, விளிம்பு தோலில் உராயாதபடி உள்ளே மடித்துத்தான் தைப்பாள்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. பாடுவாள், பிரசங்கம் கேட்பாள், முழங்காலிலும் நிற்பாள். ஆனால் கடைசியில் போதகர் ஆசீர்வாதம் கூறக் கையைத் தூக்குவதற்குள் வாசலைத் தாண்டியிருப்பாள். ஏழு வருடமாக இப்படித்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சபையே நினைத்துக்கொண்டிருந்தது. புதிதாக வந்த போதகர் ஒருபடி மேலே போய், கடமைக்கு ஓடும் கைகள் என்று பிரசங்கத்தில் அவளை மெச்சினார். அன்று சாயங்காலமே அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு."

"அப்போ எங்கம்மா ஓடுறீங்க?"

"உங்க கையிலேர்ந்து தப்பிச்சுத்தான்."

காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வயதில் பெரியம்மாவின் மகன், என் அண்ணனுக்குக் கட்டட வேலை கிடைத்தபோது, அவனைச் சபை முன்னால் முழங்காலில் நிறுத்தி ஆசீர்வதித்தார்கள். பெரியம்மாவும் அவன் தலையில் கை வைத்தாள். நான்காம் நாள் சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். இடுப்பில் கட்டும் பெல்ட் எட்டுப் பேருக்கு இரண்டுதான் கொடுத்திருந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கடவுள் சித்தம் என்றார்கள். "பெல்ட் வாங்கித் தராதவன் முதலாளி. அவனைக் கேக்க வாய் வரல, ஆண்டவர் மேல போடுறீங்க" என்று விரட்டினாள். ஆனால் ஆண்டவர்மேல் அவளுக்கு இருந்த கோபம் தனி. அதை அவள் யாரோடும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. கோபம் இருந்தால் ஏன் கோயிலுக்குப் போகிறாய் என்று நான் கேட்டதற்கு, "இல்லாத ஆளுகூட யாராவது சண்டை போடுவாங்களாடி?" என்றாள்.

அதன்பின் அவள் யார் தலையிலும் கை வைக்கவில்லை. தன் மகள், என் அக்காவின் கல்யாணத்தன்றுகூட, எல்லோரும் ஆசீர்வதித்தபோது விலகிச் சுவரோரம் நின்றாள்.

போன மாதம் அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. அக்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். திறந்து பார்த்தால்தான் என்ன கட்டி என்று சொல்ல முடியும் என்றார் மருத்துவர்.

அறுவைச் சிகிச்சை அன்று காலை அக்காவைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து, தியேட்டருக்கு வெளியே வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். மேலே பச்சை அங்கி, தலையில் துணித் தொப்பி. பெரியம்மா விரிப்பின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"அம்மா, அதை விடு. தலையில கை வை."

"வேணாம்."

"வைம்மா."

"நான் வச்ச கை விளங்கல. தெரிஞ்சுக்கிட்டே கேக்குற."

அக்கா முழங்கையை ஊன்றி எழுந்தாள். என் அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "அண்ணனுக்குக் குடுத்துட்ட, எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல, அப்படித்தானே? கல்யாணத்தன்னைக்கு நீ சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னதை நான் மறக்கல. பொழைக்கிறதுக்காக நான் கேக்கலம்மா. அது டாக்டர் பாடு, ஆண்டவர் பாடு. எனக்குப் பயமா இருக்கு. அதுக்குக் கேக்குறேன்."

பெரியம்மா விரிப்பை விட்டாள். கை மெல்ல மேலே போய்த் துணித் தொப்பியின்மேல் படிந்தது. கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்து, வாசலில் வந்து நிற்கும் ஆளிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"ஆண்டவரே, உம்ம மேல இருக்கிற கோபம் தீரல. தீந்துடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். எம்புள்ள விழுந்தப்ப நீர் எங்க இருந்தீர்? இன்னும் பதில் வரல. உமக்கும் ஒரு அம்மா இருந்தாங்க இல்ல, பெத்த புள்ள சாகிறதை நின்னு பாத்தாங்க இல்ல, அவங்களைக் கேளும் எனக்கு எப்படி இருக்குதுன்னு. இவளுக்குப் பயமா இருக்குதாம். இவகூட உள்ள போம். வெளிய நின்னு வேடிக்கை பாக்காதீர். என்ன ஆனாலும் இவ கையை விடாதீர். நான் ரொம்ப நாளா உம்மகிட்ட ஒண்ணுமே கேக்கல. இப்பக் கேக்குறேன். ஆமென்."

"ஆமென்" என்றாள் அக்கா. அவள் தோள் தளர்ந்து தலையணையில் சாய்வதைப் பார்த்தேன்.

கட்டிலைத் தள்ள வந்த நர்ஸ், "கத்திரியம்மா, இது ஜெபமா சண்டையா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தான். நீ கதவுல இடிக்காம தள்ளு."

கதவு மூடியது. பெரியம்மா பெஞ்சில் வந்து உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "கொதிக்குதுடி" என்றாள். தொட்டேன், அப்படி ஒன்றும் சுடவில்லை. ஆனால் என் கையை அவள் விடவில்லை.

பெஞ்சின் மறுகோடியில் இருந்த ஒரு பெண் நகர்ந்து வந்தாள். "அக்கா, நான் உங்க வேதம் இல்ல. அடுத்து எங்க வீட்டுக்காரருக்குத்தான் ஆப்பரேஷன். அவர் தலையிலயும் ஒருதடவை கை வைக்கிறீங்களா?"

"நான் என்ன போதகரா? ஆளைப் பாத்துக் கேளு" என்று சீறினாள் பெரியம்மா.

"நீங்க நல்லா சண்டை போடுறீங்க. எனக்கு அது வரமாட்டேங்குது."

பெரியம்மா அவளை முறைத்தாள். கொஞ்சநேரம் முறைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எந்தக் கட்டில்?"