கடைசி வீட்டு ஓட்டு

சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்குக் கிட்டத்தில் இருக்கிற ஊர். தெற்குத் தெருவின் கடைசி வீடு காளியம்மாளுடையது. அக்கம்பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆட்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். புருஷன் இராஜாங்கம் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. மகள் செம்மொழி ஓசூரில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மற்ற நாளெல்லாம் காளியம்மாளுக்குப் பேச்சுத்துணை கோழிகள்தான்.

குடிதண்ணீர்க் குழாய் தெரு நடுவோடு நின்றுவிட்டது. கேட்டால், "பூட்டுன வீட்டுக்கெல்லாம் எதுக்குக் குழாய்?" என்பார்கள். சரி, திறந்திருக்கிற வீடு? அதில் இருப்பவள் மனுஷி இல்லையா? அந்த வார்டில் ஓட்டுப் போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததே கிடையாது. கோயில் வாசலில் ஆம்பளைகள் கூடி ஒருவன் பேரைச் சொல்வார்கள். வேறு யாரும் நிற்கமாட்டார்கள். போட்டியில்லாமல் ஜெயித்துவிட்டான் என்று மாலை விழும். இதற்கு ஒத்துமை என்று பேர். நல்ல ஒத்துமை, போங்கள்! ஓட்டே கேட்க வேண்டாமென்றால் எவன் எவள் வாசலை மிதிப்பான்?

இந்தத் தடவை ராஜ்குமார் என்று பேசி முடித்தார்கள். காளியம்மாள் பஸ் ஏறிப் போய் மனுத்தாக்கல் செய்துவிட்டு வந்தாள்.

ஊர் கொதித்தது. வாபஸ் வாங்கச் சொல்லி மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். அவள் அசையவில்லை. அதோடு அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நடவுக்கு ஆள் கூப்பிடும் ஈஸ்வரி விடியற்காலையில் வாசல் வாசலாகக் குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். இப்போது தெரு நடுவோடு திரும்பிவிடுகிறாள். குழாயடிக்குப் போனால் பேச்சு சட்டென்று அடங்கிவிடுகிறது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் அங்கே போவதையே விட்டுவிட்டு, கொல்லைக் கைப்பம்பில் அடித்துக் குடித்தாள். சரியான உப்புத் தண்ணீர். தனியாக இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் கூப்பிடு தூரத்தில் அத்தனை பேரும் இருந்துகொண்டே கூப்பிடாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. வேண்டாத வேலை பார்த்துவிட்டோமோ என்று அழுதாள்.

போட்டி என்று வந்துவிட்டதே, ராஜ்குமார் சும்மா இருக்க முடியுமா? வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தவன், வந்த வேகத்தில் கடைசி வீட்டு வாசலிலும் கைகூப்பிவிட்டான்.

"பெரியம்மா, மறக்காம நம்ம சின்னத்துக்கு..." என்றவன், ஆளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஏன் நிறுத்திட்ட? கேளு."

"நீங்களே நிக்கிறீங்களே..."

"நின்னா எனக்கு ஓட்டு இல்லையா? கேளு ராஜ்குமாரு."

மென்று முழுங்கி, "எனக்கு ஓட்டுப் போடுங்க பெரியம்மா" என்றான்.

"வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி."

ஒரு வாய் குடித்ததுமே அவன் முகம் கோணியது. "இதையா குடிக்கிறீங்க?"

"வேற என்ன இருக்கு?"

அவன் சொம்பைக் கீழே வைத்தான். "ஜெயிச்சா மொத வேலை இதுதான் பெரியம்மா."

ஓட்டு எண்ணினார்கள். ராஜ்குமார் ஜெயித்தான். காளியம்மாளுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் ஒவ்வொருவருக்காக உறைத்தது: அப்படியானால் அவள் ஓட்டு?

சும்மா சொல்லக்கூடாது, பையன் வார்த்தையைக் காப்பாற்றிவிட்டான். கோடைக்குள் குழாய் வந்தது. அவனே வந்து திறந்துவிட்டான். காளியம்மாள் ஒரு சொம்பு பிடித்து முதலில் அவனுக்குத்தான் கொடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் பெரியம்மா. உங்க ஓட்டை ஏன் எனக்குப் போட்டீங்க?"

"நீ கேட்டியே."

"கேட்டா போட்டுர்றதா?"

"இந்த வாசல்ல வந்து நின்னு, எனக்கு இது வேணும்னு என்கிட்ட யாருடா கேட்டிருக்கா?"

தண்ணீர் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. இனிமேல் குழாயடிக்குப் போகவும் அவளுக்கு வேலையில்லை. ஈஸ்வரி இன்னும் தெரு நடுவோடுதான் திரும்புகிறாள்.

"அப்ப வரேன் பெரியம்மா."

"எப்ப?"

அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினான்.

"சரி, போ. அடுத்த தேர்தல்லயும் நான் நிப்பேன்னு இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிவை. அப்பத்தானே வருவ."