குலசாமி பெயரில் ஒரு பாஸ்வேர்டு

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய், காலேஜ் வரை படித்தவள் நான்தான். சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில், எங்கள் கிராமத்தில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். அதற்காகவே வீட்டுக்கு வைஃபை போட்டோம். பொருத்த வந்தவர் பாஸ்வேர்டு கேட்டதும், அவர் பார்த்துவிடாமல் திரும்பி நின்று நானே அடித்தேன். குலசாமி பெயர், கூடவே 123. சாமி காக்கும் என்று நம்பினேன்.

ஒரே வாரத்தில் நெட் சுற்ற ஆரம்பித்தது. கம்பெனி மீட்டிங் பாதியில் அறுந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தாம்மா பாக்கணும்" என்றார் மேனேஜர். ரூட்டர் ஆப்பைத் திறந்தால், இரண்டே போன் உள்ள எங்கள் வீட்டில் ஒன்பது போன் ஓடிக்கொண்டிருந்தது. பொருத்த வந்தவர்தான் எப்படியோ எட்டிப் பார்த்து ஊருக்குச் சொல்லிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சாயங்காலம் பெரியப்பா மகன் எங்கள் சுவரில் சாய்ந்து போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்வேர்டு யாருண்ணே சொன்னா?"

"யாரு சொல்லணும்? சாமி பேரப் போட்டு ஒண்ணு ரெண்டு மூணு அடிச்சேன், தொறந்துருச்சு. பங்காளிக எல்லாத்துக்கும் ஒரே சாமிதான ஆத்தா!"

இவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் தெரு முழுக்கப் பங்காளிகள்தான்.

அப்போதே மாற்றினேன். இப்போது சம்பந்தமில்லாத எழுத்தும் எண்ணும்தான். அம்மாவின் போனில்கூட நானே போட்டுக் கொடுத்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாளும் அண்ணன் அதே சுவரோரம் நின்றார்.

"ஒன் காலேஜ் பேரும் போட்டுப் பாத்துட்டேன். அதுவும் இல்லையே ஆத்தா?"

புதிதாக வைக்க நான் முதலில் நினைத்தது அதைத்தான். அன்றிலிருந்து மாதாமாதம் மாற்றுகிறேன். சுவரோரம் யார் நின்றாலும் ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் "வாங்க" என்கிறேன்.